முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ: எதற்கு, எவ்வளவு, எங்கே?

சாத்தான்குளம் வட்டாரத்தில் வயிற்றுப் புற்றுநோயின் கதை பெரும்பாலும் 'கேஸ் டிரபிள்' என்றுதான் தொடங்குகிறது. நெஞ்செரிச்சல், பசியின்மை, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிய உணர்வு. மெடிக்கல் கடை மாத்திரையிலும் 'அல்சர்' மருந்திலும் மாதங்கள் ஓடிவிடும். உடம்பு இளைத்து வேட்டி நழுவத் தொடங்கிய பிறகே எண்டோஸ்கோப்பி, பயாப்சி, சிடி ஸ்கேன் எல்லாம் நடக்கும். அதற்குள் நோய் கல்லீரலுக்கோ வயிற்றின் உள்ளுறைக்கோ பரவியிருக்கும். இந்தியா முழுவதும் இரைப்பை, கணையம், பித்தப்பைப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் இப்படி முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

அப்போது வீடு இரண்டாகப் பிரியும். "கீமோ போட்டா உடம்பு தாங்காது, இருக்கிற நாளும் போயிரும்" என்பார் ஒரு பெரியவர். "எவ்வளவு செலவானாலும் மெட்ராசுக்குக் கொண்டுபோயிருவோம்" என்பார் மகன். இரண்டிலும் பாசம் இருக்கிறது. இரண்டுமே தகவல் இல்லாமல் எடுக்கப்படும் முடிவுகள். கீமோ பற்றி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் சேர்த்துவைத்திருக்கும் அறிவு இந்த வீடுகளுக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை.

அந்த அறிவைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றிய திடக்கட்டிப் புற்றுநோயில் கீமோ பெரும்பாலும் நாளைக் கூட்டும், உபாதையைக் குறைக்கும். நோயை அடியோடு ஒழிப்பது அரிது. இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்ல வேண்டும். பலன் ஒன்றாக இருக்கும் மருந்துமுறைகளில் வீட்டுக்கு அருகில் கொடுக்க முடிவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலி நீக்கும் பராமரிப்பை அன்றே தொடங்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் கூடிய நாட்கள் அவருக்குப் பயன்படும்.

மருந்து வந்த வழி

புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்ற எண்ணம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவானது. போர் நச்சுவாயுக்களை ஆராய்ந்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், 1942இல் நைட்ரஜன் மஸ்டர்டு என்ற பொருளை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது, பிறகு திரும்பி வந்தது. கீமோவின் பலமும் பலவீனமும் அந்த முதல் நோயாளியிடமே தெரிந்துவிட்டன.

அடுத்த பாய்ச்சலில் சென்னைக்கும் பங்குண்டு. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் மருந்துகளை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். அவற்றில் ஒன்றைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்டால் மின் சியூ லீ என்ற மருத்துவர் 1956இல் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்தினார். மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டிப் புற்றுநோய் அது.

இரைப்பை, குடல் புற்றுநோய்களுக்கான திருப்பம் 1957. கட்டியின் செல்கள் யுராசில் என்ற மூலப்பொருளை மற்ற செல்களைவிட அதிகம் உறிஞ்சுவதைக் கவனித்த சார்லஸ் ஹைடல்பெர்கர், அதில் ஃப்ளூரின் அணு ஒன்றைப் பொருத்தி 5-ஃப்ளூரோயுராசிலை உருவாக்கினார். செல் அதைத் தன் உணவென்று எடுத்துக்கொண்டு, டிஎன்ஏ கட்ட முடியாமல் முடங்கும். இன்றும் இரைப்பை, பெருங்குடல், கணையச் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றின் முதுகெலும்பு இந்த மருந்துதான். வாய்வழி மாத்திரையான கேப்சிடபின் உடலுக்குள் போய் இதுவாகவே மாறுகிறது. ஆக்சாலிபிளாட்டின், இரினோடெக்கான், டோசிடாக்செல் ஆகியவை பின்னர் வந்து சேர்ந்த துணைகள்.

இதே காலத்தில் தமிழ்நாட்டிலும் ஒரு நிறுவனம் எழுந்தது. தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

நித்தியகல்யாணி கற்றுத்தருவது

தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நிலாவரையைப் போலவே நித்தியகல்யாணியும் மருந்துக்காகப் பயிராகிறது. வீட்டு முற்றத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் அதே செடிதான். 1950களின் இறுதியில் அதிலிருந்து வின்பிளாஸ்டின் பிரிக்கப்பட்டது, வின்கிறிஸ்டின் தொடர்ந்து வந்தது. 1974இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின், வின்பிளாஸ்டின், பிளியோமைசின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, நுரையீரல்வரை பரவிய விதைப்பைப் புற்றுநோய் பெரும்பாலானவர்களிடம் முழுமையாக மறைந்தது. பரவிவிட்டால் எந்தப் புற்றுநோயும் குணமாகாது என்ற பொதுநம்பிக்கை மேலும் தளர்ந்தது.

இந்தச் செடியைக் காட்டி, "இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் போதும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து மிகச் சிறிதளவு மருந்தே கிடைக்கிறது. நரம்பிலேயே ஏற்ற வேண்டிய மருந்து அது. அளவு சற்றுக் கூடினாலும் உயிருக்கு ஆபத்து. இரைப்பை, குடல் புற்றுநோய்களில் அதற்கு இடமுமில்லை. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யாரும் அளப்பதில்லை. கீமோ நடக்கும்போது குடித்தால் கல்லீரலும் ரத்த அணுக்களும் இரட்டை அடி வாங்கும்.

உறுப்புக்கு உறுப்பு வேறு கணக்கு

'நாலாவது ஸ்டேஜ்' என்ற சொல் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பில்லை. எந்த உறுப்பு, எந்த வகைச் செல், நோயாளி எவ்வளவு திடமாக இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஆய்வுகளில் வரும் மாதக் கணக்கு நடுமதிப்பு. பாதிப் பேர் அதைவிடக் குறைவாக வாழ்ந்தார்கள், பாதிப் பேர் அதைவிட அதிகமாக வாழ்ந்தார்கள் என்று பொருள். தனி ஒருவருக்குக் குறித்துக் கொடுக்கும் கெடு அல்ல அது.

இரைப்பைப் புற்றுநோய் சென்னைப் பதிவேட்டில் ஆண்களின் முன்னணிப் புற்றுநோய்களில் ஒன்றாகப் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, புகை, உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. முற்றிய நிலையில் மருந்து கொடுக்காமல் உபாதைக்கு மட்டும் பார்த்தபோது நடுமதிப்பு 4 மாத அளவில் இருந்தது. கீமோ அதை ஏறத்தாழ 11 மாதம் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. சாப்பிட முடிவதும், ரத்தக்கசிவு குறைவதும், வலி தணிவதும் அதன் கூடவே வரும் பலன்கள்.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் கதை நம்பிக்கையூட்டுவது. 5-ஃப்ளூரோயுராசில் மட்டும் இருந்த காலத்தில் ஓராண்டை எட்டாத நடுமதிப்பு, ஆக்சாலிபிளாட்டினும் இரினோடெக்கானும் சேர்ந்தபின் 20 மாதத்தைத் தாண்டியது. குறிவைக்கும் மருந்துகள் வந்தபின் 30 மாதத்தை நெருங்கியது. கல்லீரலில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பரவியிருந்தால், கீமோவால் சுருக்கி, அறுவையால் அகற்றி, சிலரை முழுமையாகக் குணப்படுத்தவும் முடிகிறது. ஆகவே குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் போய்விட்டது என்று கேட்டவுடன் கைவிடுவது பெரும் தவறு. கல்லீரல் அறுவை செய்பவர் ஒருவர் அந்த ஸ்கேனைப் பார்த்தே ஆக வேண்டும்.

கணையம் கடினமானது. 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, நான்கு மருந்துகளைச் சேர்த்த முறை, ஜெம்சிடபின் என்ற ஒற்றை மருந்தின் 6.8 மாத நடுமதிப்பை 11.1 மாதமாக உயர்த்தியதைக் காட்டியது. ஆனால் அது உடல்திடம் உள்ளவர்களிடம் மட்டும் நடத்தப்பட்ட ஆய்வு. மஞ்சள்காமாலையோடு படுத்திருப்பவருக்கு அதே மருந்து தீங்காகலாம். முதலில் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்துக் காமாலையை இறக்க வேண்டும்.

பித்தப்பையில் இந்தியாவே வழிகாட்டியது. டெல்லி எய்ம்ஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஜெம்சிடபினும் ஆக்சாலிபிளாட்டினும் பெற்றவர்களின் நடுமதிப்பு 9.5 மாதம், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 4.5 மாதம். சுமார் 80 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாட்டைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று அது காட்டியது.

இரண்டாம் வரிசைச் சிகிச்சையில் பலன் சுருங்கும். முதல் மருந்து கேட்காமல்போன இரைப்பைப் புற்றுநோயில் அடுத்த மருந்து கொடுத்தபோது, 2012இல் வெளியான கொரிய ஆய்வில் நடுமதிப்பு 3.8 மாதத்திலிருந்து 5.3 மாதமாக மட்டுமே கூடியது. திடமாக நடமாடுபவருக்கு அந்த ஒன்றரை மாதம் பெரிது. பகலில் பாதிக்குமேல் படுக்கையில் கழிப்பவருக்கு மருந்தின் சுமையே மிஞ்சும். கீமோ வேண்டுமா என்பதை முடிவுசெய்ய வயதைவிட நல்ல அளவுகோல் இந்த நடமாட்டம்தான். தானே குளித்து, தானே சாப்பிட்டு, வாசல்வரை நடக்கிற 75 வயதுக்காரர் கீமோ தாங்கலாம். எழுந்திருக்க முடியாத 50 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் தாங்காது.

கீமோவைத் தாண்டிய மருந்துகள்

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பயாப்சித் துண்டு வெறும் 'ஆம், இல்லை' சொல்வதை விட்டு, எந்த மருந்து கேட்கும் என்றும் சொல்லத் தொடங்கியது. இரைப்பைப் புற்றுநோயாளிகளில் ஆறில் ஒருவர் அளவில் ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கிறது. அவர்களுக்குக் கீமோவுடன் டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது நடுமதிப்பு 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. மரபணுப் பிழையைத் திருத்தும் ஆற்றலை இழந்த குடல் கட்டிகளில், நோயெதிர்ப்பு மருந்து கீமோவையே பின்தள்ளியது. இந்த வகை சிறுபான்மையே; ஆனால் அதைத் தேடும் சோதனையைச் செய்யாமல் கீமோவைத் தொடங்கினால் சிலரின் பல ஆண்டுகளைத் தொலைத்துவிடுவோம்.

இந்த மருந்துகளின் விலை வேறு உலகம். அந்த விலையோடு இந்தியா நடத்திய போராட்டத்தின் ஒரு களம் சென்னை. ஜிஸ்ட் என்ற இரைப்பை, குடல் கட்டிக்குக் கீமோ ஏறக்குறையப் பயனற்றது. இமாடினிப் மாத்திரை அதே நோயை ஆண்டுக்கணக்கில் அடக்கும். அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதிசெய்தது. இந்திய நிறுவனங்கள் செய்யும் மலிவு இமாடினிப்புக்கு இருந்த தடை நீங்கியது. கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப்புக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேலிருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.

அளவைக் குறைத்தும் செலவைக் குறைக்கலாம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை காட்டியது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் மலிவான வாய்வழி மருந்துகளோடு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை 20 மில்லிகிராம் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். வாய்ப் புற்றுநோய் மலிந்த தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

உடம்பு படும் பாடு

கீமோ வேகமாகப் பெருகும் எல்லாச் செல்களையும் தாக்கும். வாய், குடல், மயிர்க்கால், எலும்பு மஜ்ஜை ஆகியவை புற்றோடு சேர்ந்து அடிவாங்குவது அதனால்தான். முடி கொட்டுவதைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. மருந்து ஏற்றிய இரண்டாவது வாரத்தையொட்டி வெள்ளணுக்கள் கீழே இறங்கும். 'கவுண்ட் குறைஞ்சிட்டு' என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் நோயுயிர் எதிர்ப்பு மருந்து ஏற வேண்டும். "ராத்திரி ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், காலையில் போகலாம்" என்ற தாமதம் உயிரைப் பறிக்கும். கீமோ எடுக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் பாட்டிலைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும். ஐஸ் போட்ட சர்பத் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். கோடையில் தேரிக்காட்டு வெயிலிலிருந்து திரும்புகிறவருக்கு இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மருந்தே விஷம் என்று முடிவுகட்டிவிடுவார். சுற்றுகள் கூடக் கூட விரல்நுனி மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போட வராது. அதை மறைக்காமல் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது அந்த மருந்தை நிறுத்துவார்.

கேப்சிடபின் சாப்பிடுபவர்கள் பலரின் உள்ளங்கையும் பாதமும் சிவந்து, வெடித்து, தோல் உரியும். கைரேகையே மங்கிப்போகும். சிங்கப்பூரைச் சேர்ந்த ஒருவர் ரேகை இல்லாததால் அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டது 2009இல் மருத்துவ இதழில் பதிவானது. நம் ஊரில் இந்தச் சிக்கல் ரேஷன் கடையில் வரலாம்: கருவியில் விரலை வைத்தால் பதியாது. மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வதும், குடும்பத்தில் வேறொருவரின் ரேகையைப் பயன்படுத்துவதும் நல்லது. இந்த உபாதைக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மிக எளிய தடுப்பு ஒன்றைக் கண்டறிந்து 2024இல் வெளியிட்டார்கள். மூட்டுவலிக்குத் தடவும் சாதாரண டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கைகளில் தினம் இருமுறை தடவியவர்களில் மிதமான அல்லது கடும் பாதிப்பு 3.8 சதவீதம், தடவாதவர்களில் 15 சதவீதம்.

பசியின்மைக்கும் பக்கத்திலிருந்தே விடை வந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் முற்றிய இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தம், நுரையீரல் புற்றுநோயாளிகள் 124 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஓலன்சபின் என்ற விலை குறைந்த மாத்திரையை 2.5 மில்லிகிராம் அளவில் 12 வாரம் தினம் கொடுத்தார்கள். எடை 5 சதவீதத்துக்குமேல் கூடியவர்கள் அந்தப் பிரிவில் 60 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9 சதவீதம். வாந்தியையும் அதே மருந்து அடக்கும். "ஒரு வாய் சோறு இறங்கமாட்டேங்குது" என்று கலங்கும் வீட்டுக்கு, பல விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்களைவிட இந்த ஆய்வு அதிகம் உதவும். மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டிய மருந்து இது.

பயணமும் ஒரு பக்கவிளைவு

சாத்தான்குளத்திலிருந்து சிகிச்சைக்குச் செல்லும் வழிகள் பல. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தெற்கே நெய்யூர் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. எவரெஸ்ட் ஏறச் சென்ற ஹோவர்டு சோமர்வெல் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரைப்பை அறுவைக்குப் பெயர்பெற்ற இடம் அது. எல்லை தாண்டினால் 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். நாசரேத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை. இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கும் உறவினர் உண்டு. ஆகவே முதலில் மனம் போவது அங்கேதான்.

நோயைக் கண்டறிந்து திட்டம் வகுக்க ஒருமுறை பெரிய மையத்துக்குப் போவதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கேயே போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. வழக்கமான கீமோ மருந்துகள் எங்கு ஏற்றினாலும் அதே மருந்துகள்தான். குடல் புற்றுநோயில் 14 நாளுக்கு ஒருமுறை ஏற்றும் முறையில் 5-ஃப்ளூரோயுராசில் 46 மணி நேரம் பம்பில் ஓடும். அதை மாட்ட ஒருமுறை, கழற்ற ஒருமுறை. ஆறு மாதத்தில் 12 சுற்று, 24 நடை. 21 நாளுக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் ஏற்றி, கேப்சிடபின் மாத்திரையை 14 நாள் வீட்டில் சாப்பிடும் முறையில் 8 சுற்று, 8 நடை. பரவிய குடல் புற்றுநோயில் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. பக்கவிளைவு மட்டும் கொஞ்சம் மாறும். நகரத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் சிறிது. சாத்தான்குளத்துக்காரருக்கு அது 16 நாள் பேருந்து, 16 நாள் கூலியிழப்பு, கூடப் போகும் மகளுக்கும் 16 நாள்.

இந்தச் சுமைக்கு மருத்துவ உலகம் அண்மையில் ஒரு பெயர் வைத்திருக்கிறது: நேர நச்சு. பயணம், வரிசை, ரத்தப் பரிசோதனை, அவசர அனுமதி என்று மருத்துவத்துக்காகச் செலவாகும் நாட்களைக் கூடிய வாழ்நாளிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும் என்று 2022 முதல் அமெரிக்க, கனடிய மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். இரண்டாம், மூன்றாம் வரிசைச் சிகிச்சையில் கிடைக்கும் சில வாரங்களைப் பயணமே விழுங்கிவிடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு பலம் உண்டு. அரசு மருத்துவமனைகளில் கீமோ இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருந்துகளை மொத்தமாக வாங்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. ஆயினும் பேருந்துக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, இழந்த கூலி ஆகியவை எந்த அட்டையிலும் வராது. நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

சொல்லாமல் விடுவது

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, சார்." புற்றுநோய்ப் பிரிவில் தினம் கேட்கும் வேண்டுகோள் இது. அன்பிலிருந்து வருவதுதான். ஆனால் அதன் விலையை அப்பாதான் கொடுக்கிறார். எதற்கென்றே தெரியாத ஊசியைத் தாங்குகிறார். நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, எந்தக் கோயிலுக்கு அல்லது எந்தத் தேவாலயத்துக்குப் போவது, யாரிடம் மனம்விட்டுப் பேசுவது என்ற முடிவுகளை எடுக்காமலே போகிறார்.

இது நம் ஊர்க்குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதத்தினரும், குடல் புற்றுநோய்க்கு எடுத்தவர்களில் 81 சதவீதத்தினரும், அது தங்களைக் குணமாக்க வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. புரியாமல் கொடுக்கும் சம்மதம் முழுமையான சம்மதமாகாது.

நோயாளியே நான்கு கேள்விகள் கேட்கலாம். இந்த மருந்து குணமாக்கவா, நாளைக் கூட்டவா, வலியைக் குறைக்கவா? பலன் தெரிகிறதா என்று எப்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பீர்கள்? பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்? இதே மருந்தை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஏற்ற முடியுமா? பொதுவாக இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கட்டி வளர்ந்திருந்தால் அந்த மருந்தைத் தொடர்வதில் பொருளில்லை. நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு முடிவுதான். யாரும் யாரையும் கைவிடுவதாக அதற்குப் பொருளில்லை.

வலி நீங்குவது கடைசிக் கட்டமல்ல

வலிநிவாரணப் பராமரிப்பு என்றால் 'இனி ஒன்றுமில்லை' என்று பொருள்கொள்ளும் பழக்கம் மாற வேண்டும். பாஸ்டனில் 2010இல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இந்தப் பராமரிப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் மன உளைச்சல் குறைந்து நன்றாக வாழ்ந்ததோடு, கடைசி நாட்களில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றபோதும், 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள்.

உணவுக்குழாய் அடைத்தவருக்கு ஒரு ஸ்டென்ட், ரத்தம் கசியும் இரைப்பைக்குச் சில நாள் 'கரண்ட்' வைத்தியம் எனப்படும் கதிர்வீச்சு, கணைய வலிக்கு நரம்பு முடிச்சில் ஊசி, எல்லாவற்றுக்கும் அடியில் வாய்வழி மார்ஃபின். சில வேளைகளில் கீமோவைவிட இவையே அதிகம் உதவும். மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த சட்டச் சிக்கலைக் குறைக்க 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. சரியான அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் மார்ஃபின் புற்றுநோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவது அரிது, ஆயுளையும் அது குறைக்காது. தூங்க விடும், உட்கார்ந்து பேச விடும்.

சாத்தான்குளத்துக்கு வேண்டியது

2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையம் அமைப்பதாக அறிவித்தது. அது மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடக் கூடாது. வட்ட மருத்துவமனையில் கீமோ ஏற்றச் சொல்லவில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். ஆனால் நான்கு வேலைகளை வட்ட அளவில் செய்ய முடியும். சுற்றுக்கு முந்தைய நாள் ரத்தப் பரிசோதனை செய்து முடிவைத் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்பலாம். கவுண்ட் குறைந்திருந்தால் நோயாளி வீணாகப் பயணம் செய்ய வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் பம்பைக் கழற்றலாம். கீமோ அட்டையுடன் காய்ச்சலோடு வருபவருக்கு வரிசையின்றி முதல் ஊசியைப் போட்டு, பிறகு மேல்மருத்துவமனைக்கு அனுப்பலாம். மார்ஃபின் கொடுத்து, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வழியாக வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம்.

இவற்றில் எதற்கும் புது மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. மாவட்ட மையத்துக்கும் வட்ட மருத்துவமனைக்கும் இடையே ஒரு தொலைபேசி எண், ஒரு பொதுவான கீமோ அட்டை, பயிற்சி பெற்ற இரண்டு செவிலியர், பூட்டிய அலமாரியில் மார்ஃபின் ஆகியவை போதும். இரைப்பைப் புற்றுநோயில் 4 மாதத்தை 11 மாதமாக்க அறிவியலுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த ஏழு மாதங்களை நோயாளி பேருந்திலும் வரிசையிலும் கழிக்காமல் தன் வீட்டில் கழிக்கும்படி செய்ய அரசுக்கு ஓர் ஆண்டு போதும். சாத்தான்குளம் மக்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.